மூன்று தரம் சுண்டினால்

உத்திரமேரூரைச் சுற்றி எந்த ஊர்க் கிணற்றில் எது விழுந்தாலும் இரண்டு பேருக்குத்தான் ஆள் வரும். முங்குவதற்கு ஏசுதாஸ், கயிறு பிடிப்பதற்குப் பெருமாள். பேரும் புகழும் முங்குகிறவனுக்குத்தான். தண்ணீருக்குள் போய்விட்டு வருகிறவனைச் சூழ்ந்துகொண்டு ஒருவர் துண்டு கொடுப்பார், ஒருவர் டீ கொடுப்பார், இன்னொருவர் பீடியைப் பற்றவைத்தே கொடுப்பார். மேலே நின்று கயிற்றைப் பிடித்திருந்தவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கிணற்று ராட்டினத்தை யாராவது பாராட்டுவார்களா? பெருமாளுக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. இருபத்திரண்டு வருஷம் அப்படியே ஓடிவிட்டது.

குடம் விழும், வாளி விழும், ஆடு விழும். கரண்டு வந்த பிறகு மோட்டார் விழ ஆரம்பித்தது. தண்ணீர் ஆழத்தில் கிடக்கிறதே என்று கிணற்றின் உள்சுவரில் பாதியில் மேடை கட்டி, அதன் மேல் மோட்டாரை உட்கார வைப்பார்கள். ஐப்பசியில் மழை கொட்டினால் ஒரே வாரத்தில் தண்ணீர் ஏறி மேடையே முழுகிவிடும். மேடை பழையதாக இருந்தால் மோட்டாரோடு சேர்ந்து அடிக்குப் போகும். மழை நின்றதும் பெருமாள் வாசலில் சைக்கிள்கள் வரிசையாக வந்து நிற்கும்.

சில சமயம் மனிதர்களும் விழுந்தார்கள். தவறி விழுந்தவர்கள், தாங்களே போய் விழுந்தவர்கள். அதற்குப் போலீஸ்காரர் வந்து கூப்பிடுவார். அப்படிப்பட்ட நாளில் இருவரும் வழியில் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டார்கள். திரும்பி வந்து ஏசுதாஸ் கோயிலுக்குப் போய் முழங்கால் போடுவான். பெருமாள் கயிற்றைக் கழுவுவான். கழுவிக் காயவைத்த கயிற்றைத் தலைக்கு மேலே பரணில் போட்டுவிட்டுப் படுத்தால் தூக்கம் வராது.

வேலை இப்படித்தான் நடக்கும். ஏசுதாஸ் இடுப்பில் கயிறு. கையில் ஒரு எடைக்கல், சீக்கிரம் அடிக்குப் போவதற்கு. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, வாயை இறுக மூடிக்கொண்டு இறங்குவான். கயிற்றில் ஒரு பாகத்துக்கு ஒரு முடிச்சு இருக்கும். கையை இரண்டு பக்கமும் நீட்டினால் வருகிற நீளம்தான் ஒரு பாகம். எத்தனை முடிச்சு போயிருக்கிறது என்பதைப் பெருமாளின் விரல் சொல்லும். கீழேயிருந்து ஒரு தரம் சுண்டினால் தளர விடு என்று அர்த்தம். இரண்டு தரம் சுண்டினால் நிறுத்திப் பிடி. மூன்று தரம் சுண்டினால் இழு. அந்த மூன்றாவதற்கு மட்டும் யோசனை கிடையாது, கேள்வி கிடையாது. தானே கிணற்றுக்குள் விழுந்தாலும் சரி என்று பின்னால் சாய்ந்து இழுக்க வேண்டும். ஏசுதாஸ் மூச்சு முட்டும் வரைக்கும் கீழேயே இருந்து வேலையைப் பார்ப்பான். கடைசித் துளி மூச்சையும் வேலைக்கே செலவழித்துவிட்டு மூன்று தரம் சுண்டுவான். ஏறி வருவதற்கென்று மூச்சை மிச்சம் வைக்க மாட்டான். அந்தக் கணக்கைப் பெருமாளின் கையில் விட்டிருந்தான்.

எழுபத்தொன்பதாம் வருஷம் மழைக்குப் பிறகு இரண்டு பேருக்கும் உடம்பு விட்டுப்போயிருந்தது. ஏசுதாசுக்கு வலது காதில் சீழ். எண்ணெயும் பூண்டும் காய்ச்சி ஊற்றி ஊற்றி அவன் மனைவி பாக்கியமேரி ஓய்ந்துபோனாள். பெருமாளுக்கு இரண்டு தோளும் இரவெல்லாம் கடுத்தன. காலையில் எழுந்ததும் விரல்கள் நிமிரவே ஒரு நாழி ஆகும். மடங்கிய விரல்களை வெந்நீர்ச் சொம்பில் வைத்து ஒவ்வொன்றாக நிமிர்த்துவான். ஒரு நாள் சாலவாக்கத்துப் பக்கம் ஒரு கிணற்றில் வேலையை முடித்துவிட்டு வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள்.

“போதும்டா பெருமாளு. இந்தக் காத வெச்சிக்கினு இன்னும் எத்தினி கெணறு எறங்கறது?” என்றான் ஏசுதாஸ்.

“வுட்டுட்டு இன்னா பண்ணுவ?”

“அதான் தெர்ல.”

இருவரும் நடவு நட்டுக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சேட்டு என்கிறவன் வந்து சேர்ந்தது அந்தச் சமயத்தில்தான். மெட்ராஸ் துறைமுகத்தில் கப்பலின் அடிப்பாகத்தைச் சுரண்டுகிற குத்தகைக்காரர் ஒருவரிடம் எட்டு வருஷம் வேலை செய்தவன். அந்த ஆள் தொழிலை மூடும்போது கூலிக்குப் பதிலாக காற்று அடைக்கிற ஒரு இரும்பு சிலிண்டரையும், அந்தக் காற்றை வாய்க்குக் கொண்டுவருகிற, ரப்பர் குழாய் கோத்த ஒரு ரெகுலேட்டரையும் கொடுத்து அனுப்பிவிட்டார். சேட்டு அவற்றைத் தூக்கிக்கொண்டு மாமனார் ஊரான சாலவாக்கத்துக்கு வந்துவிட்டான். பஸ்ஸில் கண்டக்டர் அதை அடுப்பு கேஸ் என்று நினைத்து இறங்கச் சொல்ல, ஓடுகிற பஸ்ஸில் சேட்டு ரெகுலேட்டரை வாயில் வைத்து மூச்சு இழுத்துக் காட்டினானாம். இந்தக் கதை அவன் வருவதற்கு முன்பே ஊருக்கு வந்துவிட்டது. ஆள் நல்லவன், ஆனால் வாய் ஓயாது.

தண்ணீருக்குள் உட்கார்ந்து மூச்சு விடலாம் என்று கேட்டதும் ஏசுதாசின் முகம் மாறியதைப் பெருமாள் பார்த்தான். பல வருஷமாக அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவன் பார்த்ததில்லை.

உத்திரமேரூர் ஏரியில், மதகுக்குப் பக்கத்தில் வைத்துப் பரீட்சை நடந்தது. நெஞ்சளவு தண்ணீர். ஏசுதாஸ் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு, ரெகுலேட்டரைப் பல்லில் கடித்துக்கொண்டு, எருமை மாதிரி தண்ணீருக்குள் உட்கார்ந்துவிட்டான். கரையில் நின்று முனிரத்தினம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு மாகறல் ரோட்டில் நாற்பது காணி நஞ்சை. அவருடைய பெரிய கிணற்றில்தான் மேடை இடிந்து, ஏழரைக் குதிரைசக்தி மோட்டார் அடிக்குப் போயிருந்தது. ஐம்பது நிமிஷம் கழித்து ஏசுதாஸ் எழுந்தான். எழுந்தவன் கண்ணில் தண்ணீர். ஏரித் தண்ணீரா வேறு தண்ணீரா என்று பெருமாளுக்குத் தெரியவில்லை.

“அவசரமே இல்லடா. சொம்மா குந்திக்கினு இருக்கலாம். மீனு வந்து மூஞ்சிய பாத்துட்டுப் போவுது” என்றான் ஏசுதாஸ்.

சேட்டுவுக்கு மட்டும் அந்தச் சந்தோஷத்தில் முழுசாகக் கலந்துகொள்ள முடியவில்லை. இரண்டு பேரையும் கரையில் உட்காரவைத்துச் சொன்னான்.

“அண்ணாத்த, இங்க அம்பது நிமிசம். அறுவது அடி கெணத்துல இது வராது. கீழ தண்ணி நெஞ்ச அமுக்குது இல்ல, அதுக்கு ஈடா இந்த ரெகுலேட்டர் காத்த நெருக்கித் தரும். மேல ஒரு மூச்சுக்குப் போற காத்துல மூணு பங்கு கீழ ஒரு மூச்சுக்குப் போயிடும். பதினஞ்சு நிமிசம் வெச்சிக்கோ. கடைசில இழுக்க கஷ்டமா இருக்கும். கெட்டுப்போச்சுன்னு பயப்படாத. முடியப்போவுதுன்னு அது சொல்லுது, அவ்ளதான்.”

“செரி.”

“இன்னொண்ணு. இதான் முக்கியம். மேல வரும்போது மூச்ச அடக்காத. வாயத் தொறந்து காத்த வுட்டுக்கினே வா. கீழ இழுத்த காத்து மேல வரவர பொங்கும். ஒரு படி அரிசி மூணு படி சோறா ஆவுது இல்ல, அந்த மாரி. மூடிய இறுக்கி வெச்சிட்டா பானை இன்னா ஆவும்? பெருமாளண்ணா, நீயும் கேட்டுக்கோ. மெதுவா இழுக்கணும். ஒரு முடிச்சுக்கு நீ ரெண்டு மூச்சு வுடணும்.”

பெருமாள் தலையாட்டினான். ஏசுதாசும் தலையாட்டினான். சோற்றுப் பானை உதாரணம் இருவருக்கும் நன்றாகவே புரிந்தது. புரிந்துபோனால் போதுமா? அது மண்டைக்குப் புரிந்தது. வேலை செய்யப்போவது கையும் வாயும் அல்லவா. அவற்றிடம் யாரும் எதையும் சொல்லவில்லை.

மார்கழி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. முனிரத்தினத்தின் கிணறு ததும்பி நின்றது. மோட்டார் வடத்தை இழுக்க எட்டு ஆட்கள் தயாராக நின்றார்கள். சேட்டு எதிர்க்கரையில் அந்த வடத்தை விட்டுக்கொண்டிருந்தான். ஏசுதாஸ் சிலுவை போட்டுக்கொண்டு இறங்கினான். பெருமாளின் விரலில் முடிச்சுகள் ஒவ்வொன்றாக நழுவின. ஒன்பது, பத்து. பத்தில் நின்றது. குமிழிகள் மேலே வந்து உடைந்துகொண்டே இருந்தன. மூச்சை அடக்கிக்கொண்டு இறங்குகிறவனிடம் குமிழி வராது. இத்தனை வருஷம் பெருமாள் செத்த தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தண்ணீர் அவனிடம் பேசியது. அவனுக்குக் கூடத் தோள் இறுக்கம் தளர்ந்து, ஒரு கையால் மூக்கைச் சொறிந்துகொள்ள முடிந்தது.

அடியில் ஒரே சேறு. மோட்டார் பாதி புதைந்திருந்தது. ஏசுதாஸ் கையால் சேற்றைத் தோண்டினான் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. தோண்டுகிறவனுக்கு மூச்சு அதிகம் வேண்டும். பதினைந்து நிமிஷம் என்று சேட்டு சொன்னது சும்மா இருக்கிறவனுக்கு. பன்னிரண்டாவது நிமிஷத்திலேயே ரெகுலேட்டர் இறுகிவிட்டது. உறிஞ்சினால் ஏதோ கொஞ்சம் வந்தது. அடுத்த உறிஞ்சலுக்கு அதுவும் வரவில்லை.

கயிறு சுண்டியது. ஒன்று. இரண்டு. மூன்று.

பெருமாள் பின்னால் சாய்ந்தான்.

“மெதுவா! அண்ணா, மெதுவா!” என்று எதிர்க்கரையிலிருந்து சேட்டு கத்தினான். பெருமாளின் காதில் அது விழுந்தது. கிணற்றுச் சுவரில் மோதி இரண்டாம் முறையும் விழுந்தது. ஆனால் கை இருபத்திரண்டு வருஷமாகக் கற்றதைச் செய்துகொண்டிருந்தது. பத்து முடிச்சும் எட்டு எண்ணுவதற்குள் கரைக்கு வந்துவிட்டன.

ஏசுதாஸ் ரெகுலேட்டரைத் துப்பிவிட்டு, வாயை இறுக மூடிக்கொண்டுதான் வந்தான். தலை வெளியே வந்ததும் வாய் திறந்தது. இருமல் வந்தது, இருமலோடு நுரை நுரையாக ரத்தம் வந்தது. கரையில் போட்டபோது கழுத்தும் கன்னமும் உப்பியிருந்தன. தொட்டால் தோலுக்கு அடியில் உப்பு நறநறப்பது போல் இருந்தது. முனிரத்தினத்தின் டிராக்டரில் வைக்கோலைப் பரப்பி அதில் படுக்கவைத்து ரோட்டுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஒரு வேனில் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மடியில் அவன் தலையை வைத்துக்கொண்டு போனது பெருமாள்தான்.

அங்கே டாக்டர் நெஞ்சுப் பக்கத்தில் ஒரு குழாயைச் சொருகி, அதைத் தரையில் இருந்த ஒரு பாட்டில் தண்ணீருக்குள் விட்டார். அந்தப் பாட்டிலில் குமிழி குமிழியாக வந்தது. பெருமாள் அதைப் பார்த்துக்கொண்டே பகலெல்லாம் உட்கார்ந்திருந்தான்.

“எப்படி மேல வந்தாரு? வேகமாவா?” என்று டாக்டர் கேட்டார்.

“ஆமா சார்.”

“அதுதான். நுரையீரல் கிழிஞ்சிருக்கு” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவர் அதை யாரையும் குற்றம் சொல்லும் தொனியில் சொல்லவில்லை. அதனாலேயே அது பெருமாளின் நெஞ்சில் ஆணியடித்தது போல இறங்கிவிட்டது.

ஏசுதாஸ் பிழைத்துக்கொண்டான். இருபத்தாறு நாள் கழித்து வீட்டுக்கு வந்தான். பத்தடி நடந்தால் உட்கார வேண்டும். படுத்தால் மூச்சு வாங்குகிறது என்று சுவரில் சாய்ந்தபடியே தூங்கினான். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். அவன் சொன்ன பதிலும் ஒன்றுதான்.

“இன்னாடா ஆச்சு?”

“மிஷினு அடியில கெட்டுப்போச்சு. அடைச்சிக்கிச்சு.”

அவ்வளவுதான், ஊருக்கு வேலை கிடைத்துவிட்டது. உத்திரமேரூர் பஸ் நிலையத்து டீக்கடையில் ரெகுலேட்டர் நிபுணர்கள் முளைத்தார்கள். ரெகுலேட்டர் நாற்பது அடி வரைக்கும் வேலை செய்யும், அதற்குக் கீழே போனால் உள்ளே இருக்கிற ஸ்பிரிங் படுத்துவிடும் என்றார் ஒருவர். கடல் தண்ணீருக்குச் செய்தது கிணற்றுத் தண்ணீருக்கு ஒத்துவராது என்றார் இன்னொருவர். இவர்களில் ஒருவரும் குளிக்கும்போது கூட இரண்டு சொம்புக்கு மேல் ஊற்றிக்கொண்டதில்லை. பெருமாளுக்கோ இன்னொரு பெயர் கிடைத்தது. காற்று போன மிஷினோடு அடியில் கிடந்தவனை ஒரே மூச்சில் இழுத்துப்போட்ட ஆள். முனிரத்தினம் நாலு பேர் முன்னிலையில் அவனுக்கு ஒரு சரிகைத் துண்டு போர்த்தினார்.

இருபத்திரண்டு வருஷத்தில் யாரும் திரும்பிப் பார்க்காதவனுக்கு முதல்முதலாகக் கிடைத்த துண்டு அது. அதை அவன் வீட்டுக்குக் கொண்டுவந்து, கயிறு கிடக்கிற பரணிலேயே எறிந்தான். அவனுக்கு அழுகை வந்தது. அழுவதற்கும் அலுப்பாக இருந்தது. மனைவி கோவிந்தம்மாள் சோறு போட்டுக் கூப்பிட்டாள். பானையின் மூடி ஆவியில் தடதடத்துக்கொண்டிருந்தது. அவன் எழுந்துபோய் மூடியை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, சாப்பிடாமலே வெளியே போய்விட்டான்.

மாசி பிறந்ததும் சேட்டு வந்தான். ஆள் பாதியாகிவிட்டிருந்தான். கல்குவாரிக் குட்டையில் ஒரு வேலை பேசி வைத்திருந்தான், அது போய்விட்டது. மாகறலில் ஒரு கிணறு, அதுவும் போய்விட்டது. கொலைகாரன் மிஷின் என்று மாமனாரே திட்டுகிறாராம்.

“நீதான அண்ணாத்த கயிறு புடிச்ச. உனக்குத் தெரியும் இல்ல? நான் கத்தினது கேட்டுச்சா இல்லியா, அத்த மட்டும் சொல்லு” என்றான்.

பெருமாள் வாயைத் திறக்கவில்லை. கேட்டது என்று சொன்னால் ஏசுதாசை நாசமாக்கியது தன் கை என்று ஆகும். கேட்கவில்லை என்று சொன்னால் இந்த மனிதனின் பிழைப்பில் மண் விழும். ஏற்கெனவே விழுந்த மண் போதாதா?

சேட்டுவே மறுபடி பேசினான். “செரி, சொல்லாத. ஒண்ணே ஒண்ணு பண்ணு. அதே கெணறு, அதே மிஷினு. மோட்டாரு இன்னும் அங்கதான கீது? நான் எறங்கறேன். நீ கயிறு புடி.”

“நானா?”

“வேற யார புடிக்கச் சொன்னாலும் ஊரு நம்பாது. மெட்ராசுல காத்து ரொப்பிக்கினு வந்துட்டேன்.”

தன்னைக் கெடுத்த கையையே நம்பித் தன் உயிரைக் கொடுக்க வந்து நிற்கிறானே என்று பெருமாள் நினைத்தான். முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தான். ஆனால் கை பரணுக்குப் போய்க் கயிற்றை எடுத்துவிட்டது.

கிணற்றைச் சுற்றித் திருவிழாக் கூட்டம். டீக்கடை நிபுணர்கள் முன்வரிசையில் நின்றார்கள். சேட்டு கொஞ்ச நேரம் எல்லோருக்கும் கேட்கும்படி வாயடித்துவிட்டு, சட்டென்று அடங்கி, பெருமாளிடம் மட்டும் மெல்லச் சொன்னான்: “ஒரு முடிச்சுக்கு ரெண்டு மூச்சு அண்ணாத்த. எனக்கும் புள்ளகுட்டி கீது.”

பத்து முடிச்சும் இறங்கின. கிணற்றில் தண்ணீர் அரையடிதான் குறைந்திருந்தது. குமிழி வந்துகொண்டே இருந்தது. ஐந்து நிமிஷம், எட்டு நிமிஷம், பத்து. மோட்டார் வடம் ஆடியது, கட்டியாகிவிட்டது. பிறகு பெருமாளின் கையில் கயிறு சுண்டியது.

மூன்று தரம்.

அந்த நிமிஷத்தில் அவன் பட்ட பாட்டை எவரும் பார்த்திருக்க முடியாது. வெளியே பார்க்கிறவனுக்கு ஒரு ஆள் சும்மா நிற்கிறான், அவ்வளவுதான். தோள் பின்னால் போகத் துடித்தது. குதிகால் மண்ணில் ஊன்றிக்கொண்டது. கீழே ஒருவன் சாகிறான் இழுடா என்று கை அவனைத் திட்டியது. அவன் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு மூச்சு விட்டான். ஒன்று. இரண்டு. ஒரு முடிச்சு. ஒன்று. இரண்டு. இன்னொரு முடிச்சு. “இன்னாய்யா, தூங்கறியா? சீக்கிரம் இழு!” என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். ஐந்தாவது முடிச்சில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. எடை தூக்கியதால் அல்ல, தூக்காமல் நின்றதால். முதலில் குமிழிகள் வந்தன, கொத்துக் கொத்தாக. அதற்குப் பிறகு சேட்டுவின் தலை வந்தது. வாய் ஆவென்று திறந்திருந்தது.

ரெகுலேட்டர் அவன் கழுத்தில் தொங்கியது. அதைத் தூக்கிக் காட்டினான். “கெட்டுப்போச்சா பாருங்கப்பா! நல்லா பாருங்க!”

கூட்டம் பார்த்தது. ஸ்பிரிங் நிபுணர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முனிரத்தினம் தாடையைத் தடவினார்.

“அப்ப மிஷினு செரியாத்தான் கீது. ஏசுதாசுக்குத்தான் ஓட்டத் தெர்ல” என்றார்.

“காலையிலயே ஊத்திக்கினு எறங்கியிருப்பான்” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. இரண்டு பேர் சிரித்தார்கள்.

ஏசுதாஸ் குடிக்காதவன். வேலைக்குப் போகிற நாளில் டீ கூடக் குடிக்க மாட்டான். பெருமாள் கயிற்றைக் கீழே போட்டான்.

“நான்தான் இஸ்தேன்” என்றான்.

“ஆமா, நீதான இஸ்த. அதனாலதான அவன் பொழச்சான்” என்றார் முனிரத்தினம்.

“இல்லய்யா. நான் வேகமா இஸ்ததாலதான் அவன் நெஞ்சு கிழிஞ்சிப்போச்சு. மெதுவா இழுன்னு சேட்டு கத்தினான். எனக்குக் கேட்டுச்சு. கேட்டுட்டுத்தான் இஸ்தேன். மிஷினு மேல தப்பில்ல. ஏசுதாசு மேலயும் தப்பில்ல.”

ஒரு சோற்றுப் பானையை வைத்து அவன் எல்லாவற்றையும் விளக்கப் பார்த்தான். அரிசி, மூடி, பொங்குவது என்று சொல்லிக்கொண்டே போனான். முனிரத்தினம் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “செரி வுடு, போனது போச்சு. வெயிலு ஏறுது. மோட்டார இழுங்கப்பா” என்றார். எட்டு ஆட்களும் வடத்தைப் பிடித்தார்கள். சேறு வழிய வழிய மோட்டார் மேலே வந்தபோது கூட்டம் கைதட்டியது. ஒரு மனிதன் தன் குடலை எடுத்து வெளியே வைத்த இடத்தில் ஏழரைக் குதிரை மோட்டாரை வைத்துவிட்டு எல்லோரும் அதைச் சுற்றி வந்து பார்த்தார்கள். சேட்டு மட்டும் ஈரத்தோடு வந்து பெருமாளின் பக்கத்தில் உட்கார்ந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் பேசாமல் இருந்து பெருமாள் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஏசுதாசின் வீட்டுக்குப் போகச் சாயங்காலம் ஆகிவிட்டது. செய்தி அதற்கு முன்பே போயிருந்தது. பாக்கியமேரி வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். “போங்கண்ணா, உள்ளதான் கீறாரு. காலையிலேருந்து வாயில எதுவும் வெக்கல” என்றாள். அவள் முகத்தில் கோபம் இருக்கிறதா என்று அவனுக்குப் பார்க்கத் தெம்பில்லை.

ஏசுதாஸ் பாயில் சுவரோரம் சாய்ந்திருந்தான். மூச்சு சுண்ணாம்புக் காளவாய்த் துருத்தி மாதிரி போய் வந்தது.

“சொல்லிட்டியாமே” என்றான்.

“சொல்லிட்டேன்.”

“இன்னான்னு சொன்ன?”

“நான்தான் வேகமா இஸ்தேன்னு.”

“நான் வாய மூடிக்கினு வந்தேன். அத்த சொன்னியா?”

பெருமாள் தலையை ஆட்டினான், இல்லை என்று.

“அப்ப பாதிதான் சொல்லிக்கீற.” ஏசுதாஸ் நிறுத்தி மூச்சு வாங்கினான். “அவன் ஏரிக்கரையில சொன்னத நானும்தான கேட்டேன். வாயத் தொறந்துக்கினு வான்னான். செரின்னேன். மேல வரும்போது நெனப்பும் வந்துச்சுடா. வராம இல்ல. ஆனா கெணத்துக்குள்ள வாயத் தொறந்தவங்களத்தான இத்தினி வருசமா நாம வெளிய எடுத்துக்கினு கீறோம்? எத்தினி பேரு! ஒவ்வொருத்தரு வாயும் எப்டி இருந்துச்சின்னு நான்தான கீழ பாத்தேன், நீயா பாத்த? நான் எப்டிடா தொறப்பேன்?”

தான் இழுத்த உடம்புகளை முதலில் தொட்ட கை ஏசுதாசின் கை என்பது பெருமாளுக்குப் புதிய சேதி இல்லை. ஆனால் இத்தனை நாள் அதை யோசித்துப் பார்த்ததில்லை.

“மிஷினு கெட்டுப்போச்சுன்னு ஏன்டா சொன்ன?”

“பின்ன இன்னா சொல்லுவேன்? உன் பேர சொல்லவா, என் பேர சொல்லவா? மிஷினுக்கு வலிக்காதேன்னு பாத்தேன். சேட்ட மறந்துட்டேன்.” கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டான். “நீ வேற உள்ளுக்குள்ள போட்டுக் கொடையாத. மெதுவா இழுக்கறவனா நீ இருந்திருந்தா மொத கெணத்துலயே நான் பொணம். அதுக்கு அப்பறம் வந்த இருவத்திரண்டு வருசமும் உன் கைல வந்ததுதான். இப்ப போனதும் அதே கைலதான். அவ்ளதான்.”

வெளியே பாக்கியமேரி அரிசி புடைக்கிற சத்தம் நின்றுவிட்டிருந்தது.

“செரி, தூக்கு. வெளிய போய்க் குந்தறேன். இன்னைக்கெல்லாம் உள்ளயே கெடந்து பேஜாரா கீது” என்று ஏசுதாஸ் இரண்டு கையையும் நீட்டினான்.

பெருமாள் அவன் எதிரில் குந்தி, மணிக்கட்டுகளைப் பிடித்தான். ஒரு காலத்தில் ஒரு பிடிக்குள் அடங்காத மணிக்கட்டுகள். இழுக்கப் போனவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். பிறகு ஒரு மூச்சு விட்டான், இன்னொரு மூச்சு விட்டான், கொஞ்சமாகத் தூக்கினான். மறுபடியும் இரண்டு மூச்சு. ஏசுதாஸ் பாயிலிருந்து அரையடி எழும்பி, நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் தொங்கினான். பெருமாளின் முகத்தைப் பார்த்தான். என்ன நடக்கிறது என்று அவனுக்குப் புரிந்தது. சிரிப்பு வந்தது, சிரிப்போடு இருமலும் வந்தது.

“வாயத் தொறந்துக்கினுதான் கீறேன்” என்றான். “இழுடா.”